கேட்டதையெல்லாம் எழுதி வைத்தால் அது ரோட்மேப் ஆகிவிடுமா?

மென்பொருள் உலகில் ரோட்மேப் அளவுக்கு ஆளுக்கொரு அர்த்தத்தில் புழங்கும் சொல் குறைவு. விற்பனைப் பிரிவில் இருப்பவர் “அது எங்கள் ரோட்மேப்பில் இருக்கிறது சார்” என்கிறார். கேட்கும் வாடிக்கையாளர் அதை “அடுத்த மாதம் வந்துவிடும்” என்று எடுத்துக்கொள்கிறார். அதைச் செய்யப்போகும் டெவலப்பரோ அப்படி ஒன்று இருப்பதையே அந்த போன் காலில்தான் முதல்முறையாகக் கேள்விப்படுகிறார்.

நான் பார்த்த ரோட்மேப்புகளில் பெரும்பாலானவை இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று, வாடிக்கையாளர்கள் கேட்டதையெல்லாம் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு தேதி குறித்த ஸ்பிரெட்ஷீட். இன்னொன்று, மேலே இருப்பவர்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட விஷயங்களை எழுதி, தலைப்பில் மட்டும் “வாடிக்கையாளர் கருத்துகளின் அடிப்படையில்” என்று சேர்த்துக்கொண்ட ஸ்லைடு. முதலாவதை ஆர்டர் புத்தகம் என்று சொல்லலாம். இரண்டாவதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் எல்லா ஆபீஸிலும் அதுதான் அதிகம்.

இந்தத் துறைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக, அல்லது வந்து நாளாகியும் இதை யாரிடமும் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்காக, அடியிலிருந்து ஒருமுறை பார்த்துவிடலாம்.

## இரவில் கார் ஓட்டுவது மாதிரி

இரவில் நெடுந்தூரம் கார் ஓட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று வையுங்கள். எந்த ஊருக்குப் போகிறோம் என்பது தெரியும். ஹெட்லைட் வெளிச்சம் விழும் தூரம் வரை எங்கே பள்ளம், எங்கே வளைவு என்பது கண்ணுக்குத் தெரியும். அதற்கு அப்பால் தோராயமாகத் தெரியும், ஒரு பாலம் வரும், அப்புறம் ஒரு ஏற்றம் வரும் என்கிற மாதிரி. இன்னும் அப்பால் திசை மட்டும்தான். அந்த நேரத்தில் பின் சீட்டிலிருந்து யாராவது “விடியற்காலை 5:40க்கு எந்த வளைவில் இருப்போம்?” என்று கேட்டால் சிரித்துவிடுவோம். ஆனால் பதினெட்டு மாதம் தள்ளி வரப்போகும் ஒரு வசதிக்கு ப்ராடக்ட் டீமிடம் தேதி கேட்கும்போது யாரும் சிரிப்பதில்லை. மரியாதையாக ஒரு தேதியைச் சொல்லிவிடுகிறோம்.

ரோட்மேப் என்பது அந்த ஹெட்லைட் வெளிச்சத்தை ஒளிக்காமல் காட்டும் ஒரு சின்ன ஆவணம். இந்த ப்ராடக்ட் எந்தப் பக்கம் போகிறது, போகிற வழியில் யாருடைய எந்தப் பிரச்சினைகளை எந்த வரிசையில் தீர்க்கப்போகிறோம், ஒவ்வொன்றிலும் நமக்கு எவ்வளவு நிச்சயம் இருக்கிறது: இந்த மூன்றையும் அது சொன்னால் போதும்.

இதோடு குழப்பிக்கொள்ளப்படும் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் உண்டு. பேக்லாக் என்பது செய்யலாம், செய்யவேண்டும், யோசிக்கலாம் என்று நினைக்கிற எல்லா வேலைகளும் குவிந்து கிடக்கும் பட்டியல். பரண் மாதிரி, போட்டு வைக்கத் தடையே கிடையாது. ரிலீஸ் பிளான் என்பது ஏற்கெனவே கையில் எடுத்துவிட்ட வேலை எந்த வாரம் வெளியே போகும் என்கிற அட்டவணை. ரோட்மேப் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பரணில் கிடப்பதில் எதை, ஏன் இறக்கப்போகிறோம் என்று சொல்வது அதன் வேலை.

சுருக்கமாகச் சொன்னால், பேக்லாக்கில் எல்லாம் இருக்கும், ரிலீஸ் பிளானில் தேதி இருக்கும், ரோட்மேப்பில் வரிசையும் காரணமும் இருக்கும். இந்த இடம் பிடிபட்டுவிட்டால் மீதி சுலபம்.

## டாக்டரிடம் போய் ஊசி கேட்பவர்

பின்னூட்டம் என்றால் என்ன என்பதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். சிலர் டாக்டரிடம் போனதும் “ஒரு ஊசி போட்டுவிடுங்கள்” என்பார்கள். கேட்டவுடன் ஊசி போடுகிற டாக்டர் நல்ல டாக்டர் இல்லை. “உனக்கென்ன தெரியும், பேசாமல் இரு” என்கிற டாக்டரும் நல்ல டாக்டர் இல்லை. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, எதைச் செய்யும்போது என்று கேட்கிறவர்தான் வேண்டும். ஊசி கேட்டவருடைய வலி நிஜம். அவர் சொன்ன மருந்து மட்டும்தான் ஊகம்.

வாடிக்கையாளர் கோரிக்கையும் அப்படித்தான். அவர் உங்களிடம் கொண்டுவருவது தன் வலியை அல்ல, தனக்குத் தெரிந்த ஒரு மருந்தின் பெயரை.

ஒரு கற்பனை உதாரணத்தைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம். ஊழியர்கள் விடுப்புக்கு விண்ணப்பிக்கும் ஒரு மென்பொருளை நீங்கள் விற்கிறீர்கள். இருபது நிறுவனங்களிலிருந்து ஒரே கோரிக்கை வருகிறது: “எக்செல் டவுன்லோட் பட்டன் வேண்டும்.” இருபது பேர் கேட்டுவிட்டார்கள், சின்ன வேலைதான், பட்டனைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். போடுவதற்கு முன் ஐந்து பேரிடம் மட்டும் “டவுன்லோட் செய்ததும் அடுத்து என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். மாதக் கடைசியில் சம்பளம் போடுகிறவர் அந்த எக்செல்லைத் திறந்து, ஒவ்வொரு ஆளின் விடுப்பு நாட்களையும் சம்பள மென்பொருளில் கையால் தட்டச்சு செய்கிறார், அதில் தப்பு நேர்ந்து யாருக்கோ சம்பளம் குறைகிறது, அவர் வந்து சண்டை போடுகிறார் என்று தெரியவரும். அவர்களுக்குத் தேவை பட்டன் இல்லை. விடுப்புக் கணக்கு சம்பள மென்பொருளுக்குத் தானாகப் போய்ச் சேர வேண்டும். பட்டனைப் போட்டிருந்தால் நன்றி சொல்லியிருப்பார்கள், அடுத்த மாதமும் அதே சண்டை நடந்திருக்கும்.

இது கற்பனை. நிஜத்தில் நடந்த ஒன்றும் உண்டு. ஃபேஸ்புக்கில் லைக் பட்டன் 2009இல் வந்தது. அதற்குப் பிறகு பல வருடங்கள் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்டது “டிஸ்லைக்” பட்டன். கேட்டதை அப்படியே கொடுத்திருந்தால் அடுத்தவர் பதிவை மட்டம் தட்டும் கருவியாக அது போயிருக்கும். அவர்கள் ஏன் கேட்டார்கள் என்று பார்த்தால், ஒருவர் தன் வீட்டில் நடந்த சாவைப் பற்றி எழுதியிருக்கிறார், அதற்குக் கீழே போய் லைக் போட யாருக்கும் கை வரவில்லை. சிக்கல் இருந்தது அங்கே. 2016 பிப்ரவரியில் அந்த நிறுவனம் கொடுத்தது டிஸ்லைக்கை அல்ல. அன்பு, சிரிப்பு, வியப்பு, வருத்தம், கோபம் என்று ஐந்து புதிய முகபாவங்களை. கேட்ட பொருள் ஒன்று, கிடைத்த பொருள் வேறு, ஆனால் கேட்ட காரணத்துக்குப் பதில் கிடைத்தது.

## வாயால் சொல்வதும் காலால் சொல்வதும்

ஒரு பூங்காவில் அழகாக நடைபாதை போட்டிருப்பார்கள், அது சுற்றி வளைத்துக்கொண்டு போகும். சில மாதங்களில் புல்வெளிக்குக் குறுக்கே ஒரு ஒற்றையடிப்பாதை விழுந்திருக்கும். அதைப் போட்டவர்கள் யாரும் மனு எழுதிக் கொடுக்கவில்லை, நடந்தார்கள், அவ்வளவுதான். ப்ராடக்டிலும் இப்படி ஒற்றையடிப்பாதைகள் விழும். என் அனுபவத்தில் சர்வே படிவங்களைவிட அவைதான் உண்மை பேசுகின்றன.

ட்விட்டரில் ஹேஷ்டேக் அப்படி வந்ததுதான். 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்ற பயனர், ஒரே விஷயத்தைப் பேசும் பதிவுகளைச் சேர்த்துப் பார்க்க # குறியைப் பயன்படுத்தலாமே என்று எழுதினார். நிறுவனம் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மக்கள் பாட்டுக்குப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். 2009இல்தான் ஹேஷ்டேக்கைத் தொட்டால் தேடலுக்குப் போகும்படி ட்விட்டர் செய்தது. ரீட்வீட்டும் அப்படியே: மக்கள் அடுத்தவர் பதிவை நகலெடுத்து முன்னால் “ஆர்டி” என்று ஆங்கில எழுத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள், அப்புறம் அது ஒரு பட்டனாக ஆனது.

அதே ட்விட்டரில் வாயால் மிக அதிகமாகக் கேட்கப்பட்டது எடிட் பட்டன். அது 2022இல்தான் வந்தது, அதுவும் முதலில் பணம் கட்டியவர்களுக்கு மட்டும், பதிவிட்ட முப்பது நிமிடத்துக்குள் மட்டும், முந்தைய வடிவமும் எல்லோருக்கும் தெரியும்படி. ஏன் இத்தனை வேலி? எழுத்துப்பிழையைத் திருத்தக் கேட்டவர் தன் பக்கத்தை மட்டும் பார்க்கிறார். அந்தப் பதிவை ஏற்கெனவே ஆயிரம் பேர் பகிர்ந்த பிறகு எழுதியவர் அர்த்தத்தையே மாற்றிவிட்டால் பகிர்ந்தவர்கள் கதி என்ன என்பதை அவர் யோசிக்க வேண்டிய அவசியமில்லை. அதை யோசிப்பது நம் வேலை. ஒரு கோரிக்கைக் கடிதத்தில் கேட்பவரின் லாபம் எழுதியிருக்கும், மற்றவர்களின் நஷ்டம் எழுதியிருக்காது.

ஆகவே இதுவரை: கோரிக்கை என்பது ஒரு தடயம். அதற்குப் பின்னால் இருக்கும் பிரச்சினையைக் கேட்டும் கண்டுபிடிக்கலாம், நடமாட்டத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம், இரண்டும் ஒத்துப்போனால் அதிர்ஷ்டம்.

## அழுத பிள்ளையும் அழாத பிள்ளையும்

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது ப்ராடக்ட் டீமுக்கு அப்படியே பொருந்தும், அதுதான் கஷ்டமே. வாரத்துக்கு மூன்று மெயில் அனுப்பும் ஒரு பெரிய வாடிக்கையாளர், சத்தம் போடாத நானூறு சின்ன வாடிக்கையாளர்களைவிடப் பெரியவராகத் தெரிவார். வோட்டுப் போடும் பலகை வைத்து “அதிக வோட்டு வாங்கியதைச் செய்கிறோம்” என்று சொல்கிறவர்களுக்கும் இதே பிரச்சினைதான், ஏனென்றால் வோட்டுப் போட வருகிறவர்கள் ஏற்கெனவே உங்கள் ப்ராடக்டில் ஊறியவர்கள். முதல் நாளிலேயே புரியாமல் மூடிவிட்டுப் போனவர் வந்து வோட்டுப் போடமாட்டார். வாங்கலாமா என்று பார்த்துவிட்டு வேறு பக்கம் போனவரும் போடமாட்டார். அதனால் சந்தாவை ரத்து செய்தவர்களிடம் மாதம் இரண்டு பேரையாவது கூப்பிட்டுப் பேசுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். தர்மசங்கடமான உரையாடல்தான். ஆனால் இனி உங்களிடம் எதுவும் எதிர்பார்க்காதவர் கொஞ்சம் வெளிப்படையாகவே பேசுவார்.

இன்னொரு மௌனமும் உண்டு, அது நுட்பமானது. ஜப்பானியப் பேராசிரியர் நோரியாகி கானோவும் உடன் பணிபுரிந்தவர்களும் 1984இல் வெளியிட்ட ஒரு ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது கானோ மாடல். எளிமைப்படுத்திச் சொன்னால் ஒரு ப்ராடக்டின் குணங்களில் மூன்று வகை முக்கியம். இருந்தே ஆகவேண்டியவை: இருந்தால் யாரும் பாராட்டமாட்டார்கள், இல்லாவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கூடக்கூட மகிழ்ச்சி தருபவை: வேகம் மாதிரி, எவ்வளவு கொடுத்தாலும் அவ்வளவுக்கு நல்லது. எதிர்பாராத இன்பங்கள்: இல்லாவிட்டால் யாரும் தேடமாட்டார்கள், இருந்துவிட்டால் நாலு பேரிடம் சொல்வார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள், இந்த மூன்றில் எது கோரிக்கைப் பெட்டியில் வந்து விழும்? பெரும்பாலும் நடுவில் உள்ளதுதான். “நான் சேமித்த தகவல் காணாமல் போகக்கூடாது” என்று எந்த வாடிக்கையாளரும் கோரிக்கை எழுதமாட்டார், அது சொல்லவேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றாது. எதிர்பாராத இன்பத்தைக் கேட்கவும் முடியாது, கேட்டால் அது எதிர்பார்த்தது ஆகிவிடும். அதனால் பின்னூட்டத்தை மட்டும் வைத்து ரோட்மேப் போட்டால் அடித்தளமும் இருக்காது, ஆச்சரியமும் இருக்காது. பாதுகாப்பு, பேக்கப், பழைய நிரலைச் சரிசெய்வது மாதிரியான வேலைகளுக்கு யாரும் கேட்காமலேயே ரோட்மேப்பில் இடம் ஒதுக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

## குவியலிலிருந்து வரிசைக்கு

சரி, கருத்துகள் வந்துவிட்டன. சப்போர்ட் டிக்கெட்டில் கொஞ்சம், விற்பனை ஆட்களின் குறிப்பேட்டில் கொஞ்சம், யாரோ ஒருவரின் சாட்டில் கொஞ்சம். முதல் வேலை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்ப்பது. எந்தக் கருவி என்பது முக்கியமில்லை, சாதாரண ஸ்பிரெட்ஷீட்டே தாங்கும். சேர்க்கும்போது வாடிக்கையாளர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள், உங்கள் மொழிக்கு மாற்றாதீர்கள். “ரிப்போர்ட் பகுதியில் மேம்பாடு தேவை” என்று நாம் சுருக்கி எழுதியதை மூன்று மாதம் கழித்துப் படித்தால் நமக்கே புரியாது. “மாசக் கடைசியில ரெண்டு மணி நேரம் இதுலயே போயிடுது” என்று அவர் சொன்னது என்றைக்கும் புரியும். யார் சொன்னார், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

அடுத்தது பிரச்சினை வாரியாகக் கட்டுவது. எக்செல் பட்டன் கேட்டவர், அச்செடுக்கும் வசதி கேட்டவர், மாதம் ஒரு மெயில் தானாக வரவேண்டும் என்றவர், மூவரும் சம்பளக் கணக்குக்காகவே கேட்டிருந்தால் மூன்றும் ஒரே கட்டு. நூற்றைம்பது கோரிக்கைகள் இப்படி இருபது, இருபத்தைந்து பிரச்சினைகளாகச் சுருங்கிவிடுவது சாதாரணம். பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

அப்புறம்தான் எது முதலில் என்கிற கேள்வி. இதற்கு ஏகப்பட்ட சூத்திரங்கள் இருக்கின்றன. இன்டர்காம் நிறுவனத்திலிருந்து வந்த ரைஸ் என்ற முறையை மட்டும் பார்ப்போம், அது ஆரம்பிப்பவர்களுக்குப் போதும். நான்கு எண்கள். ஒரு காலாண்டில் எத்தனை பேரைத் தொடும். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பலன், இதற்கு மிகக் குறைவு என்றால் 0.25, மிக அதிகம் என்றால் 3 என்று ஒரு அளவு. நம் கணிப்பில் நமக்கே எவ்வளவு நம்பிக்கை, 50, 80, 100 சதவீதம் என்று. கடைசியாக, எத்தனை ஆள்-மாத உழைப்பு. ஆள்-மாதம் என்றால் ஒரு ஆள் ஒரு மாதம் முழுக்கச் செய்யும் வேலை. முதல் மூன்றையும் பெருக்கி நான்காவதால் வகுக்க வேண்டும்.

நம் விடுப்பு மென்பொருளுக்குப் போட்டுப் பார்ப்போம். இருண்ட திரை, அதாவது டார்க் மோட், வேண்டும் என்று ஒரு கூட்டம் கேட்கிறது. 2000 பேரைத் தொடும், பலன் 0.25, நம்பிக்கை 80 சதவீதம், உழைப்பு 2 ஆள்-மாதம். மதிப்பெண் 200. சம்பள மென்பொருளோடு இணைப்பது 600 பேரைத் தொடும், பலன் 2, ஆனால் உண்மையில் எத்தனை நிறுவனங்கள் தங்கள் சம்பளக் கணக்கை நமக்குத் திறந்துவிடும் என்று தெரியாததால் நம்பிக்கை 50 சதவீதம், உழைப்பு 4. மதிப்பெண் 150. இருண்ட திரை ஜெயித்துவிட்டது.

இங்கேதான் பலர் கணக்கை மூடிவிட்டு இருண்ட திரையைச் செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த 50 சதவீதத்தைக் கொஞ்சம் பாருங்கள். பிரச்சினை சின்னதா பெரிதா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை, நாம் இன்னும் விசாரிக்கவில்லை என்றுதான் சொல்கிறது. இரண்டு வாரம் செலவழித்துப் பத்து நிறுவனங்களிடம் பேசி, “ஆமாம், திறந்துவிடுவோம்” என்று பெரும்பாலானோர் சொல்லிவிட்டால் நம்பிக்கை 80 ஆகும், மதிப்பெண் 240 ஆகும், வரிசை தலைகீழாகிவிடும். ஒரு வரி கோட் கூட எழுதவில்லை. எனக்கு இந்தச் சூத்திரத்தில் பிடித்ததே இதுதான், எதைச் செய்வது என்பதைவிட எதை முதலில் விசாரிப்பது என்பதை அது நன்றாகக் காட்டிக்கொடுக்கும். மற்றபடி 212 வாங்கியது 205 வாங்கியதைவிட மேல் என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை, எல்லாமே நாம் ஊகித்துப் போட்ட எண்கள்தானே.

மதிப்பெண்ணுக்கு மேலே ஒரு கேள்வி உண்டு: இந்த வருடம் ப்ராடக்ட் எதை நோக்கிப் போகிறது? புதிய வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதா, இருப்பவர்கள் போகாமல் பார்த்துக்கொள்வதா? அது முடிவாகாமல் எத்தனை மதிப்பெண் போட்டாலும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டுதான் இருப்போம்.

திரும்பிப் பார்த்தால் வரிசை இதுதான்: ஒரே இடத்தில் சேர், பிரச்சினை வாரியாகக் கட்டு, நோக்கத்தோடு ஒப்பிடு, எண்ணிப் பார், நம்பிக்கை குறைந்த இடத்தில் போய் விசாரி.

## இப்போது, அடுத்து, பிறகு

வரிசை கிடைத்தபின் அதை எழுதும் விதம். பழைய பாணி என்பது கிடைமட்டமாக மாதங்களைப் போட்டு அதன் மேல் பட்டைகளை நீட்டுவது. பார்க்க அழகாக இருக்கும், இரண்டாவது மாதமே பொய்யாகிவிடும். மனிதர்கள் தங்கள் வேலைக்கு ஆகும் நேரத்தைத் தொடர்ந்து குறைவாகவே மதிப்பிடுவார்கள் என்று டேனியல் காஹ்னமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே எழுதி, அதற்குத் திட்டமிடல் பிழை என்று பெயரும் வைத்துவிட்டார்கள். போன தடவை தாமதமானது நன்றாக நினைவிருக்கும், இந்தத் தடவை அப்படி ஆகாது என்றும் மனசு சொல்லும்.

ப்ராட்பேட் நிறுவனத்தின் ஜேனா பாஸ்டோ பரவலாக்கிய ஒரு எளிய வடிவம் இருக்கிறது, மூன்றே கட்டங்கள். இப்போது: கையில் இருக்கும் வேலை, விவரம் தெளிவு. அடுத்து: பிரச்சினை தெளிவு, தீர்வு பாதி தெளிவு. பிறகு: பிரச்சினை மட்டும் எழுதியிருக்கும், தீர்வைப் பற்றி வாயே திறக்கக்கூடாது. அந்த ஹெட்லைட் வெளிச்சம்தான் இது. நம் உதாரணத்தில் “இப்போது” கட்டத்தில் “விடுப்புக் கணக்கு சம்பள மென்பொருளுக்குத் தானாகப் போகும், முதலில் ஒரு மென்பொருளுக்கு மட்டும்” என்று இருக்கும். “பிறகு” கட்டத்தில் “ஷிஃப்ட் முறையில் வேலை செய்பவர்களுக்கு விடுப்புக் கணக்கு தப்பாக வருகிறது” என்று பிரச்சினை மட்டும் இருக்கும்.

தேதியே வேண்டாமா என்று கேட்பார்கள். சட்டம் மாறுகிறது, ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று என்றால் தேதி வேண்டும்தான், அதை மறைக்க முடியாது. அந்த ஒன்றிரண்டுக்கு மட்டும் தேதி போடுங்கள். எல்லாவற்றுக்கும் தேதி போட்டால் நிஜமான தேதி எது என்று உங்கள் ஆட்களுக்கே தெரியாமல் போய்விடும்.

## ஊருக்குக் காட்டுவது

ஒரே ரோட்மேப்பை எல்லோருக்கும் காட்டலாமா? உள்ளடக்கம் ஒன்றாக இருக்கலாம், விவரத்தின் அளவு ஒன்றாக இருக்க முடியாது. டெவலப்பர்களுக்குக் காரணமும் எல்லையும் தெரியவேண்டும். விற்பனைப் பிரிவுக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பது தெளிவாக வேண்டும், ஏனென்றால் ரோட்மேப்பால் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை அந்தக் கோட்டில்தான் ஆரம்பிக்கின்றன. வாடிக்கையாளருக்குத் தன் பிரச்சினை அதில் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் போதும்.

வெளியே காட்டுவதில் ஆபத்தும் உண்டு. ஆஸ்போர்ன் கம்ப்யூட்டர் என்ற அமெரிக்க நிறுவனம் 1981இல் கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கணினியை விற்று அமோகமாக இருந்தது. அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டியே பேச ஆரம்பித்ததும், புதிது வரட்டும் என்று வாங்குகிறவர்கள் நிறுத்திவிட்டார்கள், 1983இல் நிறுவனம் திவாலானது என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. போட்டியாளர்களும் மற்ற நிர்வாகக் கோளாறுகளும்தான் பெரிய காரணம் என்று சொல்கிறவர்களும் உண்டு, ஆனால் ஆஸ்போர்ன் விளைவு என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்னொரு பக்கம் டியூக் நியூகெம் ஃபாரெவர் என்ற வீடியோ கேம். 1997இல் அறிவித்தார்கள், 2011இல் வெளிவந்தது. நடுவில் அது ஒரு நகைச்சுவையாகவே ஆகிப்போனது.

இருந்தும் பகிர்கிறவர்கள் பகிரத்தான் செய்கிறார்கள். கிட்ஹப் 2020இல் தன் ரோட்மேப்பைப் பொதுவில் வைத்தது, ஒவ்வொன்றும் எந்தக் காலாண்டில் வரலாம் என்ற தோராயத்தோடும், இது மாறலாம் என்ற எச்சரிக்கையோடும். மைக்ரோசாஃப்ட் 365க்கும் பொது ரோட்மேப் உண்டு, அதில் ஒவ்வொரு வரியும் உருவாகிறது, படிப்படியாகப் போய்ச்சேர்கிறது, வந்துவிட்டது என்கிற நிலைகளில் ஒன்றில் நிற்கும். இந்த இரண்டிலும் கவனிக்க வேண்டியது, பட்டியல் எவ்வளவு நீளம் என்பதை அல்ல, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதன் நிச்சயத்தின் அளவு எழுதியிருப்பதை.

எனக்கு ஒரு பாடம் கிடைத்தது இந்த விஷயத்தில்தான். ஒரு பழைய வேலையில் “பிறகு” கட்டத்தில் இருந்த ஒன்றை, வாடிக்கையாளர் சந்தோஷப்படட்டுமே என்று ஸ்லைடில் “இரண்டாம் காலாண்டு” என்று போட்டுவிட்டேன். அவர் அதை நம்பித் தன் பழைய மென்பொருளின் சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். நாங்கள் கொடுத்தது நான்காம் காலாண்டின் கடைசி வாரத்தில். அந்த ஆறு மாதம் அவருடைய ஆட்கள் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் கோபப்படக்கூட இல்லை, “தேதி போடாமல் இருந்திருந்தால் நான் வேறு ஏற்பாடு செய்திருப்பேனே” என்று மட்டும் சொன்னார்.

## இல்லை என்று சொல்லும் விதம்

பகிர்வதில் கடைசிப் பகுதி, அதிகம் பேர் தவிர்ப்பது, கேட்டவருக்குத் திரும்பப் போய்ப் பதில் சொல்வது. “பரிசீலனையில் இருக்கிறது” என்ற பதிலை மூன்று வருடம் தொடர்ந்து வாங்கியவர் நான்காவது வருடம் எதையும் கேட்கமாட்டார், பேசாமல் போய்விடுவார். செய்யப்போவதில்லை என்றால் செய்யப்போவதில்லை, காரணம் இது, இப்போதைக்கு இப்படிச் சமாளிக்கலாம் என்று மூன்று வரியில் எழுதிவிடுவது மேல். ஒரு நாள் வருத்தப்படுவார், ஆனால் அவர் தன் திட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

செய்து முடித்தாலும் அதேதான். ஸ்பிரெட்ஷீட்டில் யார் கேட்டார் என்று எழுதி வைக்கச் சொன்னது இதற்காகவும்தான். சம்பள இணைப்பு தயாரானதும் எக்செல் பட்டன் கேட்ட அந்த இருபது பேருக்கும் தனித்தனியாக எழுதுங்கள்: “நீங்கள் கேட்டது டவுன்லோட் பட்டன். மாதக் கடைசியில் கையால் தட்டச்சு செய்யும் வேலையைக் குறைக்கத்தான் கேட்டீர்கள் என்று புரிந்துகொண்டோம், அதனால் அந்த வேலையையே எடுத்துவிட்டோம்.” பதினேழு பேர் நன்றி சொல்வார்கள், அல்லது பதிலே போடமாட்டார்கள். மூன்று பேர் “எல்லாம் சரி, ஆனால் எங்கள் ஆடிட்டருக்குக் கொடுக்க எக்செல் வேண்டுமே, பட்டன் எங்கே?” என்று எழுதுவார்கள். சிரித்துவிட்டு, புதிதாக ஒரு வரியைத் திறந்து, அவர்கள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆடிட்டர் அதை வைத்து என்ன செய்கிறார் என்று திங்கட்கிழமை கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.